அம்மாவுக்குப் பல்வலி, தமிழ் மட்டுமே தெரியும்: ஸ்டுட்கார்ட்டில் பல் மருத்துவரிடம் எப்படிக் கூட்டிப் போவது?

காவிரிக்கரை (இழை தொடங்கியவர்)

எல்லோருக்கும் வணக்கம். நான் ஸ்டுட்கார்ட்டில் வேலை பார்க்கிறேன். அம்மா கும்பகோணத்திலிருந்து விசிட்டர் விசாவில் வந்திருக்கிறார். வயது 64. சர்க்கரை இருக்கிறது, இதயத்தில் ஸ்டென்ட் வைத்து சில வருடங்கள் ஆகின்றன, தினமும் எக்கோஸ்பிரின் (ரத்தம் உறையாமல் இருக்கக் கொடுக்கும் ஆஸ்பிரின்) சாப்பிடுகிறார்.

இந்த வாரம் வலது பக்கம் கீழ்க் கடைவாய்ப்பல்லில் வலி தொடங்கியது. குளிர்ந்த தண்ணீர் பட்டால் கூசுகிறது. ராத்திரி படுத்தால் விண்விண்ணென்று தெறிக்கிறது என்கிறார். வீக்கமோ காய்ச்சலோ இல்லை. இன்று வெள்ளிக்கிழமை, மதியத்துக்கு மேல் போன் போட்ட கிளினிக்குகளில் எல்லாம் பதிவு செய்த குரல்தான் வந்தது. என் ஜெர்மன் கடையில் சாமான் வாங்கும் அளவுக்குத்தான். இங்கிலீஷ் பிரச்சினை இல்லை. ஆனால் அம்மாவுக்குத் தமிழ் மட்டும்தான்.

"ஊருக்குப் போய்ப் பார்த்துக்கலாம், இங்க செலவு பண்ணாதே" என்று அம்மா திரும்பத் திரும்பச் சொல்கிறார். ஊரிலிருந்து கொண்டுவந்த அமாக்ஸிசிலின் (ஆன்டிபயாட்டிக்) ஒரு அட்டை இருக்கிறது. அதைக் கொடுத்துச் சமாளிக்கலாமா? இங்கே கூட்டிப் போனால் அம்மா சொல்வதை டாக்டருக்கு எப்படிப் புரிய வைப்பது? அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்.

---

முனிக்வாசி

வெள்ளி மதியம் இங்கே பாதி கிளினிக் மூடியிருக்கும், புதன் மதியமும் அப்படித்தான். அந்தப் பதிவு செய்த குரலைக் கடைசிவரை கேளுங்கள். வார இறுதியில் எந்த எண்ணைக் கூப்பிட வேண்டும் என்று பெரும்பாலும் அதிலேயே சொல்வார்கள். புரியவில்லை என்றால் கூகுளில் "ட்சானேர்ட்ஸ்ட்லிஷர் நோட்டீன்ஸ்ட்" (zahnärztlicher Notdienst, பல் அவசர சேவை) என்பதோடு ஊர்ப் பெயரையும் சேர்த்துத் தேடுங்கள். பல்லுக்கான அவசரப் பணி ஊருக்கு ஊர் தனி ஏற்பாடு. 116117 என்ற எண் பொது மருத்துவத்துக்கானது, பல் விஷயத்தில் அதை நம்பி உட்கார்ந்திருக்க வேண்டாம்.

போனில் நீளமாக விளக்க வேண்டியதில்லை. "ஷ்மெர்ட்சன்" (வலி) என்ற ஒரு சொல் போதும். வலியோடு வருபவரை அன்றைக்கே இடையில் நுழைத்துப் பார்க்கிற வழக்கம் பல கிளினிக்குகளில் உண்டு. திங்கள்வரை தாங்கினால் டாக்டோலிப் செயலியில் மொழி வாரியாக வடிகட்டித் தேடலாம். இங்கிலீஷ் பேசும் டாக்டர் நிறையப் பேர் கிடைப்பார்கள். ஆனால் வரவேற்பில் இருப்பவர் இங்கிலீஷ் பேசுவார் என்று எதிர்பார்க்காதீர்கள்.

முகம் வீங்கினாலோ, வாயைத் திறக்க முடியாமல் போனாலோ, விழுங்கவோ மூச்சு விடவோ சிரமம் வந்தாலோ உடனே 112 என்ற அவசர எண்ணைக் கூப்பிடுங்கள். அதில் ஒரு நிமிடம்கூடத் தயங்கக் கூடாது.

---

பொருநை

நான் இருந்தால் அமாக்ஸிசிலினைக் கொடுத்து, டிக்கெட்டை முன்னுக்குத் தள்ளி ஊருக்கு அனுப்பிவிடுவேன். விசிட்டரைக் கூட்டிப் போனால் முதலில் பணத்தைக் கையிலிருந்துதான் கட்ட வேண்டியிருக்கும். கும்பகோணத்தில் அவருக்குப் பழக்கமான டாக்டர் இருப்பார், அம்மா தன் வாயாலேயே எல்லாம் சொல்லிக்கொள்வார். மொழி தெரியாத இடத்தில் போய் வாயைத் திறந்து உட்காருவது வயதானவர்களுக்குப் பெரிய பயம். அதையும் யோசியுங்கள்.

---

கோவை_பல்மருத்துவர்

கோவையில் படித்து, இப்போது ஜெர்மனியில் பல் மருத்துவராக வேலை செய்கிறேன். பொருநை சொன்ன பயம் உண்மை, அதை நான் நாற்காலிக்குப் பக்கத்தில் நின்று பார்க்கிறேன். ஆனால் அமாக்ஸிசிலின் யோசனையை ஏற்க முடியாது.

நீங்கள் எழுதியிருக்கும் அறிகுறிகள் (குளிருக்குக் கூச்சம், ராத்திரி தெறிக்கும் வலி, வீக்கம் இல்லை) பல்லின் உள்ளே இருக்கும் நரம்புத் திசு அழற்சி அடைந்திருப்பதைக் காட்டலாம். அப்படி இருந்தால் ஆன்டிபயாட்டிக் அந்த வலியைக் குறைக்காது. பல்லைத் திறந்து அந்தத் திசுவை எடுத்தால்தான் தீரும். மாத்திரை கொடுத்துவிட்டு "ஏதோ செய்தாயிற்று" என்று நாலு நாள் ஓட்டினால் திசு செத்து சீழ் பிடிக்கலாம். அந்த நிலையில் விமானத்தில் ஏறினால் காற்றழுத்த மாற்றத்தில் வலி இன்னும் கூடலாம். சர்க்கரை உள்ளவருக்குத் தொற்று பரவும் வேகமும் அதிகம்.

இன்று ராத்திரிக்கு: பாராசிட்டமால், அட்டையில் போட்டிருக்கும் அளவுக்குள். இபுப்ரோஃபென் வேண்டாம். அது ஆஸ்பிரினின் வேலையைக் கெடுக்கக் கூடியது, ஸ்டென்ட் வைத்தவருக்கு அது சரியில்லை. எக்கோஸ்பிரினைப் பல்லுக்காக நீங்களாக நிறுத்தவே கூடாது. கன்னத்தில் சூடு ஒத்தடம் வேண்டாம். தலையணையை உயர்த்திப் படுக்கச் சொல்லுங்கள்.

இப்போது மொழி விஷயம். எல்லோரும் பயப்படுவது டாக்டர் துளைபோடும் நேரத்தை. அப்போது எந்த மொழிக்காரரானாலும் பேச முடியாது, வாய் திறந்துதான் இருக்கும். மொழி உண்மையிலேயே தேவைப்படுவது அதற்கு முன்னால் இரண்டு இடங்களில்.

முதல் இடம், உடம்பின் வரலாறு. உள்ளே போனதும் இரண்டு பக்கப் படிவம் ஒன்றைக் கையில் கொடுப்பார்கள். இதயம், சர்க்கரை, ரத்தம் உறையாத மாத்திரை, ஒவ்வாமை எல்லாம் அதில் இருக்கும். எக்கோஸ்பிரின், கிளைகோமெட் என்று எழுதினால் இங்குள்ளவருக்கு ஒன்றும் விளங்காது, அவை இந்தியக் கம்பெனிப் பெயர்கள். அட்டையின் பின்புறம் சிறிய எழுத்தில் உள்ள மருந்துப் பெயரை எழுதுங்கள்: ஆஸ்பிரின் 75 மில்லிகிராம், மெட்ஃபார்மின் 500 மில்லிகிராம் என்ற மாதிரி. இங்கே ஆஸ்பிரினை "ஆ-எஸ்-எஸ்" என்பார்கள். க்ளோபிடோக்ரெல் (இதுவும் ரத்தம் உறையாமல் இருக்கும் மாத்திரை) இருந்தால் அதை அவசியம் எழுதுங்கள். ஸ்டென்ட் வைத்த வருடம், கடைசியாகப் பார்த்த சர்க்கரை அளவு, பென்சிலின் ஒத்துக்கொள்ளுமா என்பதும் வேண்டும். அட்டைகளையும் கையோடு எடுத்துப் போங்கள்.

இரண்டாவது இடம், எந்தப் பல் என்று கண்டுபிடிக்கும் சோதனை. பஞ்சில் குளிர் ஸ்ப்ரே அடித்து ஒவ்வொரு பல்லாகத் தொடுவார்கள். நல்ல பல்லும் குளிரை உணரும், பஞ்சை எடுத்ததும் அடங்கிவிடும். கெட்ட பல்லில் எடுத்த பிறகும் வலி நின்று வாட்டும், செத்த பல் ஒன்றுமே உணராது. ஆக டாக்டருக்கு வேண்டியது "வலிக்குதா" என்பதற்கு ஆமாம் என்ற பதில் மட்டுமல்ல, வலி எவ்வளவு நேரம் நின்றது என்பதும். வீட்டிலேயே அம்மாவுக்குச் சொல்லிக் கொடுங்கள்: உணர ஆரம்பித்ததும் இடது கையைத் தூக்க வேண்டும், முழுசாக அடங்கிய பிறகுதான் இறக்க வேண்டும். இதற்கு மொழியே தேவையில்லை. நான் தமிழ் பேசுகிறவர்களிடம்கூட இப்படித்தான் கேட்கிறேன்.

அதே கை சிகிச்சையின்போதும் வேலை செய்யும். கை தூக்கினால் டாக்டர் உடனே நிறுத்த வேண்டும். நாற்காலி சாய்வதற்கு முன்பே இதை டாக்டரிடம் சொல்லி, அவர் தலையாட்டுவதை அம்மா தன் கண்ணால் பார்க்கட்டும்.

பல் எண்ணையும் தெரிந்து வையுங்கள். இங்கேயும் இந்தியாவிலும் பெரும்பாலும் இரண்டு இலக்க எண்தான். முதல் இலக்கம் வாயின் கால் பகுதி: மேல் வலது 1, மேல் இடது 2, கீழ் இடது 3, கீழ் வலது 4. வலதும் இடதும் நோயாளியுடையவை. இரண்டாம் இலக்கம் நடுவிலிருந்து எண்ணிக்கொண்டு போவது. அம்மா சொல்வது 46 அல்லது 47 ஆக இருக்கும். 48 ஞானப்பல். பில்லில் இந்த எண்தான் வரும், ஊர் டாக்டருக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பினால் அவருக்கும் உடனே புரியும்.

---

நியூஜெர்சி_மாமா

ஒரு சின்ன எச்சரிக்கை. அமெரிக்காவில் உள்ள சொந்தக்காரர்களிடம் இந்த எண்ணைச் சொல்லி யோசனை கேட்டால் குழப்பம் வரும். இங்கே 1 முதல் 32 வரை நேராக எண்ணுவார்கள். ஜெர்மனியில் 46 என்பது எங்களுக்கு 30.

---

காவிரிக்கரை

டாக்டர், மிக்க நன்றி. அம்மா இதைப் படிக்கச் சொல்லிக் கேட்டார், கையைத் தூக்கிப் பழகியும் பார்த்தார். நாளைக் காலை அவசர சேவைக்குப் போகிறோம். ஒரு சந்தேகம். நான் கூடவே நின்று அம்மா சார்பாக எல்லாவற்றுக்கும் பதில் சொல்லிவிடலாம் அல்லவா? அவருடைய உடம்பு விவரம் எல்லாம் எனக்குத் தெரியும்.

---

வடமராட்சி_மகள்

தம்பி, இந்தக் கேள்விக்குத்தான் நான் எழுத வந்தேன்.

நான் டோர்ட்முண்டில் வளர்ந்தவள். அம்மா அப்பா 80-களின் கடைசியில் யாழ்ப்பாணத்திலிருந்து வந்தவர்கள். எங்கட வயதில் இங்கே வளர்ந்த தமிழ்ப் பிள்ளைகளில் அநேகமானோர் பெற்றோருக்கு மொழிபெயர்த்து வளர்ந்தவர்கள்தான். வங்கி, வெளிநாட்டவர் அலுவலகம், டாக்டர், எல்லா இடத்துக்கும். பள்ளிக்கூடத்தில் லீவு எடுத்துக்கொண்டு போவோம்.

அம்மாவின் கொடுப்புப்பல் (கடைவாய்ப்பல்) ஒன்று சூத்தையாகி, முரசும் (ஈறும்) வீங்கி, பல் டாக்டரிடம் போனோம். எக்ஸ்ரே எடுக்க முதல் "கர்ப்பமாக இருக்கிறீங்களா என்று அம்மாவிடம் கேள்" என்று என்னிடம் சொன்னார்கள். நான் அப்போது சின்னப் பிள்ளை. அம்மாவின் முகத்தைப் பார்க்கவே எனக்குக் கூச்சம். கேட்காமலே "இல்லை" என்று சொல்லிவிட்டேன். அம்மா என்ன மருந்து எடுக்கிறார், ஏன் எடுக்கிறார் என்று என் முன்னால் அவரும் சொல்லமாட்டார். பல்லைப் பிடுங்க வேண்டும் என்ற செய்தியையும் நான்தான் அவருக்குச் சொல்ல வேண்டியிருந்தது. அவர் அழுதார். ஒரு பிள்ளை செய்கிற வேலை இல்லை அது. இங்கே புதிதாக வந்து பள்ளிப் பிள்ளைகளை டாக்டரிடம் மொழிபெயர்க்கக் கூட்டிப் போகிற எல்லோரிடமும் கேட்கிறேன், தயவுசெய்து வேண்டாம். பெரியவர் ஒருவரைத் தேடுங்கள்.

நீங்கள் வளர்ந்த ஆள், அது வேறு. ஆனால் அம்மா சார்பில் நீங்கள் பதில் சொல்லக் கூடாது. எங்கட அம்மாமார் பிள்ளையின் காசைப் பார்ப்பார்கள். "இப்ப பரவாயில்லை, நோ (வலி) குறைஞ்சிட்டுது" என்று சொல்லுவார்கள். அதை நீங்கள் நம்பி மொழிபெயர்த்தால் டாக்டர் சும்மா அனுப்பிவிடுவார். டாக்டர் அம்மாவைப் பார்த்துக் கேட்கட்டும், நீங்கள் கேள்வியை அப்படியே தமிழில் சொல்லுங்கள், அம்மா சொன்னதை அப்படியே திருப்பிச் சொல்லுங்கள், கூட்டவோ குறைக்கவோ வேண்டாம். டாக்டரோடு நீங்கள் நீளமாகப் பேசினால், என்ன பேசினீர்கள் என்று அம்மாவுக்கு உடனே சொல்லுங்கள். தன் வாயைப் பற்றி இரண்டு பேர் தன் தலைக்கு மேலே பேசிக்கொண்டிருப்பதைக் கேட்டுக்கொண்டு படுத்திருப்பது பெரிய வேதனை.

வீட்டில் இன்று இரவே கேளுங்கள்: "எனக்குத் தெரியாம ஏதாவது மாத்திரை, நாட்டு மருந்து எடுக்கிறீங்களா?" டாக்டர் முன்னால் கேட்டால் பதில் வராது.

---

ஆஹன்_மாணவன்

அக்கா சொல்வது சரிதான், ஆனால் இப்போது கூகுள் மொழிபெயர்ப்பில் தமிழ் பேசினால் ஜெர்மனில் குரலாகவே வருகிறது. நான் என் ஞானப்பல்லை எடுத்தபோது அதை வைத்துத்தான் முடித்தேன். மகனைவிடப் போன் நடுநிலையாகச் சொல்லும் அல்லவா?

---

கோவை_பல்மருத்துவர்

படிவத்தை வாசிக்க, பில்லைப் புரிந்துகொள்ள, நாளைக்கு எத்தனை மணிக்கு வரணும் என்று கேட்க, செயலி நன்றாகவே உதவும். கேமராவைக் காட்டிப் படிவத்தை வாசிப்பதை நானே நோயாளிகளுக்குச் சொல்கிறேன்.

ஆனால் வலியை விவரிக்கும் இடத்தில் அதை மட்டும் நம்பாதீர்கள். "விண்விண்ணு தெறிக்குது", "குடையுது", "கூசுது" என்று அம்மா பேச்சுத் தமிழில் சொல்வது மறுமுனையில் எப்படி வருகிறது என்று பார்த்திருக்கிறேன், பல நேரம் வெறும் "வலி" என்றுதான் வரும். எங்களுக்கு அந்த வேறுபாடுதான் தடயம். உறிஞ்சு குழாய் ஓடும் சத்தத்தில், முகக்கவசம் போட்ட டாக்டர் பேசுவதைப் போன் சரியாகப் பிடிப்பதும் கஷ்டம். செயலி என்றால் சின்னச் சின்ன வாக்கியமாகச் சொல்லி, வந்ததைத் திரும்பத் தமிழாக்கிச் சரிபாருங்கள்.

இன்னொன்று. ஜெர்மன் பல் மருத்துவர் அமைப்புகள் மொழி தெரியாத நோயாளிகளுக்காகப் படங்கள் கொண்ட கையேடும் பல மொழிகளில் வரலாற்றுப் படிவமும் வெளியிட்டிருக்கின்றன. "படம் காட்டும் கையேடு இருக்கிறதா" என்று கேட்டால் சில கிளினிக்குகளில் எடுத்துத் தருவார்கள்.

---

முனிக்வாசி

சட்டத்தையும் ஒரு வரி சேர்க்கிறேன். 2013-இல் வந்த நோயாளி உரிமைச் சட்டப்படி, சிகிச்சையை நோயாளிக்குப் புரியும் வகையில் விளக்கிய பிறகுதான் டாக்டர் சம்மதம் வாங்க வேண்டும். அதே சமயம் தமிழ் மொழிபெயர்ப்பாளருக்கு இங்குள்ள பொதுக் காப்பீடு பணம் தராது. சைகை மொழிக்கு உண்டு, வேற்று மொழிக்கு இல்லை. ஆளை நாம்தான் கூட்டிப் போக வேண்டும். புரியாத தாளில் கையெழுத்துப் போடச் சொன்னால், அவசரம் இல்லாத விஷயமாக இருந்தால், வீட்டுக்கு எடுத்துப் போய்ப் படித்துவிட்டு வருகிறேன் என்று தாராளமாகச் சொல்லலாம்.

---

காவிரிக்கரை

போய்விட்டு வந்தோம். முதலில் எல்லோருக்கும் நன்றி.

வெள்ளிக்கிழமை ராத்திரியே அக்கா சொன்ன கேள்வியைக் கேட்டேன். மூட்டு வலிக்கு ஊர் மருந்துக்கடையில் வாங்கிய டைக்ளோஃபினாக் மாத்திரையை அம்மா இந்தப் பல்வலிக்கும் போட்டுக்கொண்டிருந்தார். எனக்குத் தெரியவே தெரியாது. தாளில் அதையும் சேர்த்தேன். அவசர சேவையில் இருந்த பெண் டாக்டர் இங்கிலீஷ் பேசினார். தாளைப் படித்தவர் அந்த வரியைத்தான் முதலில் கேட்டார், ஆஸ்பிரினோடு அதை இனிப் போட வேண்டாம் என்றார்.

குளிர்ச் சோதனையில் அம்மா காட்டிய பல் ஒன்று, கை கீழே இறங்காமல் நின்ற பல் வேறு. அம்மா 46 என்று காட்டினார், ஆனால் 47-இல் பஞ்சை எடுத்த பிறகும் கை அப்படியே நின்றது. எக்ஸ்ரேயிலும் 47-இல் பழைய அடைப்புக்குக் கீழே சொத்தை. மரத்துப்போக ஊசி போட்டுத் திறந்தார். நடுவில் அம்மா கையைத் தூக்கினார். டாக்டர் அந்த நொடியே நிறுத்தி, இன்னொரு ஊசி போட்டு, காத்திருந்து, அம்மாவிடமே விரலைக் காட்டி "ஓகே?" என்று கேட்டுவிட்டுத்தான் தொடர்ந்தார். உள்ளே மருந்து வைத்து தற்காலிகமாக அடைத்திருக்கிறார்கள். அம்மா நேற்று ராத்திரி தூங்கினார்.

இப்போது அடுத்த கேள்வி. வேரை முழுசாக முடித்து, மேலே கேப் போட வேண்டும் என்றார்கள். அம்மாவின் பயணக் காப்பீடு வலி நீக்கும் சிகிச்சைக்கு மட்டும்தான் தரும் என்று எழுதியிருக்கிறது. அம்மா ஊர் திரும்ப இன்னும் சில வாரம் இருக்கிறது. மீதியை இங்கே செய்வதா, ஊரிலா?

---

கோவை_பல்மருத்துவர்

நல்ல செய்தி. தற்காலிக அடைப்பு சில வாரம் தாங்கும், மாதக்கணக்கில் விடக் கூடாது. அது தேய்ந்து எச்சில் உள்ளே கசிந்தால் முதலிலிருந்து தொடங்க வேண்டியிருக்கும். செலவைப் பார்த்தால் வேர் சிகிச்சையையும் கேப்பையும் ஊரிலேயே முடிப்பது நியாயம்தான், பொருநை சொன்னதில் அந்தப் பாதி சரி. திரும்பிய வாரத்திலேயே நேரம் கிடைக்குமாறு கும்பகோணம் டாக்டரிடம் இப்போதே சொல்லி வையுங்கள். அதுவரை அந்தப் பக்கம் முறுக்கு, சீடை எதுவும் கடிக்க வேண்டாம். கேப் போடாத கடைவாய்ப்பல் பிளந்தால் பெரும்பாலும் பிடுங்க வேண்டியதாகிவிடும்.

கிளம்பும் முன் இந்தக் கிளினிக்கில் கேட்டு வாங்க வேண்டியது: எக்ஸ்ரேயின் டிஜிட்டல் பிரதி, எத்தனை கால்வாய் கண்டார்கள், நீளம் அளந்திருந்தால் எத்தனை மில்லிமீட்டர், உள்ளே வைத்த மருந்தின் பெயர், மரத்துப்போகப் போட்ட ஊசி மருந்தின் பெயர். இங்கே அநேகமாக ஆர்டிகைன் போடுவார்கள், ஊரில் லிக்னோகைன் அதிகம். அம்மாவுக்கு எது எவ்வளவு தேவைப்பட்டது என்று தெரிந்தால் ஊர் டாக்டருக்கு உதவி.

பிரதிக்குக் காசு கேட்டால்: 2023 அக்டோபரில் ஐரோப்பிய நீதிமன்றம், மருத்துவப் பதிவின் முதல் பிரதியை இலவசமாகத் தர வேண்டும் என்று தீர்ப்புச் சொல்லியிருக்கிறது. அந்த வழக்கே ஜெர்மனியில் ஒரு நோயாளி தன் பல் மருத்துவரிடம் பதிவைக் கேட்டதில் தொடங்கியதுதான்.

---

முனிக்வாசி

பில் விஷயம். காப்பீடு இல்லாதவருக்கு இங்கே டாக்டர் இஷ்டத்துக்கு விலை போட முடியாது. தனியார் பல் சிகிச்சைக்கு "கோட்ஸ்" என்ற கட்டணச் சட்டம் இருக்கிறது. ஒவ்வொரு வேலைக்கும் புள்ளி, அதன்மேல் ஒரு பெருக்கு எண். 2.3 வரை சாதாரணம், அதற்கு மேல் போட்டால் பில்லிலேயே காரணம் எழுத வேண்டும். உங்கள் பில்லில் அந்த எண்ணைப் பாருங்கள். இந்தியக் காப்பீட்டுக்கு அனுப்பும்போது நோயின் பெயரும், கடுமையான வலிக்காகச் செய்த சிகிச்சை என்பதும் இங்கிலீஷில் இருக்கட்டும். வரவேற்பில் கேட்டால் டாக்டர் ஒரு வரி எழுதித் தருவார். ஊர் போன பிறகு இமெயிலில் கேட்டு வாங்குவது கஷ்டம்.

---

நெக்கார்_தென்றல்

இந்த இழையைப் படித்துவிட்டுக் கேட்கிறேன். நான் கணவரோடு இங்கே வந்து பொதுக் காப்பீட்டில் இருக்கிறேன், வலி எதுவும் இல்லை. ஜெர்மன் தெரியாமல் சும்மா செக்கப்புக்குப் போவது வீணா? பயத்தில் தள்ளிப்போட்டுக்கொண்டே இருக்கிறேன்.

---

வடமராட்சி_மகள்

வலி இல்லாத நேரம்தான் தங்கச்சி போக நல்ல நேரம். டாக்டரோடு பழகிக்கொள்ளலாம், அவருடைய இங்கிலீஷ் எப்படி என்று பார்க்கலாம். செக்கப்புக்குக் காசு இல்லை, காப்பீட்டு அட்டையைக் கொண்டுபோனால் போதும். "போனுஸ்ஹெஃப்ட்" என்று ஒரு சின்னப் புத்தகம் கேட்டு வாங்குங்கள், வருடத்துக்கு ஒருதரம் போய் முத்திரை குத்தினால் பிறகு கேப், பாலம் போடும்போது காப்பீடு கூடுதலாகத் தரும். அடிப்படைச் சிகிச்சைக்குச் சாதாரணமாக 60 சதவீதம், ஐந்து வருடம் விடாமல் போனால் 70, பத்து வருடம் போனால் 75. சில இடங்களில் இப்போது புத்தகம் இல்லாமல் கணினியிலேயே பதிகிறார்கள், கேட்டுப் பாருங்கள். பல் சுத்தம் செய்ய வேண்டும் என்று சொன்னால் அது காப்பீட்டிலா, கையிலிருந்தா என்று முதலில் கேளுங்கள். கல் எடுப்பது வருடத்துக்கு ஒருமுறை காப்பீட்டில் உண்டு, முழுச் சுத்தம் அநேகமாகக் கையிலிருந்துதான்.

நேரம் எடுத்துவிட்டுப் போக முடியாவிட்டால் முந்தைய நாளே சொல்லிவிடுங்கள், சில கிளினிக்குகள் வராததற்குக் காசு கேட்கும். நீங்கள் டோர்ட்முண்ட் பக்கம் என்றால் தனிச்செய்தி போடுங்கள். முதல் தரம் நான் கூட வருகிறேன்.